தேவராஜ் மாமா சாக்ஸபோனைத் திருத்திய கதை

என் அக்கா புருஷன் தேவராஜுக்குக் கடையில் வாங்கிய எந்தப் பொருளும் வாங்கிய மாதிரியே இருந்தால் பிடிக்காது. மிக்ஸி வாங்கினார். மூடி சரியாக உட்காரவில்லை என்று அரத்தை எடுத்து ராவினார். அதற்குப் பிறகு அக்கா சட்னி அரைக்கும்போதெல்லாம் மேலே ஒரு துண்டைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குளியலறைக் கதவு லூஸாக இருக்கிறது என்று அதை டைட் பண்ணினார். மூன்றாம் நாள் அக்கா உள்ளே மாட்டிக்கொண்டாள், கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம். அப்போதும் மனுஷன் மரத்தைத்தான் குறை சொன்னார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு சாக்ஸபோன் இருந்தது. அது என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் மாமா இருபத்தெட்டு வருஷமாக பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இருநூறு டன் இறங்கும், தகடு வடிவமாகி வெளியே வரும். அடுத்த தகடு, அடுத்த இடி. நாள் முழுக்க இதுதான். என்னையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார், எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முகூர்த்த நாளில் நாங்கள் பேண்ட் செட். மாமா சாக்ஸ், நான் சைடு டிரம், பாண்டியன் மாஸ்டர் டிரம்பெட், இன்னும் இரண்டு பேர். ஐந்து பேரும் அதே பிரஸ் ஷாப், அதே ஷிஃப்ட். எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கும் என்பதால் அமைந்த இசைக்குழு அது.

வாசிப்பில் மட்டும் அவரைக் குறை சொல்லவே முடியாது. பூந்தமல்லியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் சாக்ஸ் தேவராஜ் என்றால் தெரியாத மண்டபம் கிடையாது. மகள் கவிப்பிரியா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே நின்று சபதம் போட்டார்.

"மச்சான், எழுதி வெச்சிக்கோ. இவ கல்யாணத்துல நான்தான் வாசிப்பேன். வேற எவனாச்சும் வந்து ஊதினான், கைய ஒடச்சிடுவேன்."

குழந்தை பிறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கல்யாணத்தில் ஊத வரப்போகிறவனின் கை ஒடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சை அவர் மறக்கவே இல்லை. பெண்ணுக்குக் காது குத்தியபோதும் சொன்னார், பத்தாவது பாஸானபோதும் சொன்னார். அவள் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த அன்றைக்கு ஸ்வீட் கொடுத்துவிட்டு அதையேதான் சொன்னார். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை மொத்தமும் அந்த ஒன்றுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாணம் முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். "இன்னா மச்சான், வாத்தியம் மங்கலா கீதே" என்றார். "பளபளப்பு போய்ட்ச்சு. மேல் ஸ்வரம்லாம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது."

"ஆமா மாமா, லேசா மங்கலாத்தான் கீது" என்றேன். ஏன் சொன்னேன்? உண்மையாகவே எனக்கும் அப்படித்தான் கேட்டது. என் வாயில் சனி உட்கார்ந்திருந்த நாள் அது.

முதலில் வாயில் வைக்கும் ரீடைக் குறை சொன்னார். நாலு டப்பா மாற்றினார். அப்புறம் மழைக்காலத்தைக் குறை சொன்னார், வெயில் காலமும் வந்து போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியத்தைப் பாய்மேல் கிடத்தி, அரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெர்னியர் அளவுகோலால் அளக்க ஆரம்பித்தார். அக்கா வேம்புலியம்மாள் அதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். "டேய் எத்திராஜு, உங்க மாமா அரத்தைக் கையில எடுத்துட்டாருடா. ஓடியா."

சாக்ஸபோனில் இருபதுக்கு மேல் ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு மூடி, மூடிக்கு அடியில் தோலால் ஆன மெத்தை. விரலால் கீயை அமுக்கினால் மூடி திறக்கும் அல்லது மூடும். மூடி எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதை ஒரு துண்டு கார்க்கும் ஒரு துண்டு கம்பளியும் தடுத்து நிறுத்தி முடிவு செய்கின்றன. உலோகத்தோடு உலோகம் மோதிச் சத்தம் வராமலும் அவைதான் பார்த்துக்கொள்கின்றன. வாத்தியத்தைச் செய்தவன் தலைமுறை தலைமுறையாக யோசித்து வைத்த துண்டுகள். மாமா அத்தனையையும் பிளேடால் ஒரே மத்தியானத்தில் சுரண்டி எடுத்துவிட்டார்.

"இத பாரு மச்சான். வால்வு எவ்ளோ தூக்குதோ அவ்ளோ காத்து. எவ்ளோ காத்தோ அவ்ளோ சத்தம். இத்த செஞ்சவன் பயந்தாங்கொள்ளி, ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா வெச்சிருக்கான்."

எங்கோ ஒரு வெளிநாட்டில் வாத்தியம் செய்கிற பரம்பரை, பாரிவாக்கத்து வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்த தேவராஜ் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டது. ஊதிக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. போர்வை கொஞ்சம் விலகிய மாதிரி இருந்தது.

அதோடு விட்டாரா? ஆறு மாதம் கழித்து மறுபடியும் மங்கல் என்றார். தோல் மெத்தையின் நடுவில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, ஸ்கிராப் தகட்டிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வட்டங்களை வெட்டி, பிசிறு தேய்த்து, இன்னும் பெரிதாக வைத்தார். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றி இன்னும் விறைப்பாக்கினார். கீயை அமுக்கி அமுக்கி விரல் நுனி காய்த்துப்போய்விட்டது. சோறு பிசையும்போது எரிகிறது என்பார், ஆனாலும் முகத்தில் ஒரு வெற்றி.

ஒவ்வொரு திருத்தம் முடிந்ததும் நிபுணர் குழு கூடும். எஸ்டேட் டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் மாமா வாசிப்பார். நாங்கள் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்போம். பாண்டியன் மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைப்பார்.

"சோக்கா கீது தேவராஜு. இப்பத்தான் நாதம் தொறந்துகினு வருது."

நாங்களும் டாப்பு, டக்கரு என்போம். டீக்கடைக்காரர் மட்டும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். சங்கீத ஞானம் இல்லாத மனுஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கல்யாணங்களில் மாமா மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது முன் வரிசை நாற்காலிகள் காலியாகும். பந்தி கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தோம். கைக்குழந்தைகள் அழும். கூட்டம், புழுக்கம் என்று நினைத்தோம். ஒரு பெரியம்மா நேராக வந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மாமா எதிரில் நின்றாள். கும்பிடுகிறாள் என்று மாமா பதிலுக்குக் கும்பிட்டார். அட கடவுளே, நானும் கும்பிட்டேன்.

இதற்கு நடுவில் கவிப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. வெற்றிச்செல்வன், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன், தங்கமான குணம். குமணன்சாவடியில் மண்டபம் பார்த்தாயிற்று. நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு பாட்டு வாசித்துக் காட்டுகிறேன் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். வாசித்தார். மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னார்கள். "நீங்க பொண்ணோட அப்பா, அன்னிக்கி ஆயிரம் வேலை இருக்கும். ஏன் சிரமப்படுறீங்க? நாங்க டிஜே வெச்சிக்கிறோமே."

"சிரமமா? எனக்கா?" என்று மாமா சிரித்தார். சபையே சிரித்தது. கவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது, மாமா பத்திரிகை வைக்கத் திருவள்ளூர் போன சமயம் பார்த்து, கவிப்பிரியா அந்தச் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, கொஞ்சம் கண்ண மூடு. கேக்குதான்னு சொல்லு."

தாய்மாமன் ஆயிற்றே, மூடினேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "ஆரம்பிம்மா, எவ்ளோ நேரம்?" என்றேன்.

சமையலறையிலிருந்து என் பொண்டாட்டி அஞ்சலை கத்தினாள். "யாரது டக்கு டக்குனு தட்டிகினு? மண்ட இடிக்குது, நிறுத்துங்க!"

கண்ணைத் திறந்தேன். கவிப்பிரியா வாத்தியத்தை ஊதவில்லை. கீக்களை மட்டும் பத்து விரலாலும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். உலோகம் உலோகத்தில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் மோதிக்கொண்டிருந்தது. டிவியை மியூட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"கேக்கல இல்ல?" என்றாள். "அப்பாவுக்கும் கேக்கல. அது வாசிக்கிற மாதிரியே இல்ல மாமா, கத்துது. சுருதி மொத்தமா மேல ஏறிப்போச்சு. எனக்கு அப்பா வாசிச்சாத்தான் கல்யாணம் மாதிரி இருக்கும். ஆனா இத வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. அப்பாவப் பாத்து சிரிச்சா என்னால மேடையில நிக்க முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல், "டக்கு டக்குனு கேட்டா வந்து சொல்றதுக்கு இன்னா, அங்கிருந்தே கத்தணுமா?" என்று அஞ்சலையைத் திட்டினேன். பாவம் அவள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். எங்களுக்கு எப்படி இது தெரியாமல் போனது? கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கிறார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். காது போய்விட்டது என்று தெரிந்தால் பேக்கிங் பக்கம் மாற்றிவிடுவார்கள். ஷிஃப்ட் மாறும், லீவு நாள் மாறும், பேண்ட் செட் உடையும். அதனால் மாமா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கூண்டுக்கு வெளியே நர்ஸம்மா பீப் கொடுக்கும்போது அவர்கள் தோள் லேசாக இறங்கும். இறங்கியதும் பட்டனை அமுக்கு. பதினைந்து வருஷமாக நாங்கள் ஐந்து பேரும் அந்தத் தோளைப் பார்த்தே பாஸானோம். காதில் வைக்கக் கொடுத்த ஆரஞ்சு அடைப்பானைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஆபீசர் வந்தால் மட்டும் காதில் செருகினோம். எங்களைவிட புத்திசாலிகள் அம்பத்தூரில் உண்டா?

மறுநாள் சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். அக்கா இருந்தாள், கவிப்பிரியா இருந்தாள். நேராகவே சொன்னேன்.

"மாமா, வாத்தியத்துல ஒண்ணும் கொற இல்ல. நம்ம காதுதான் போய்ட்ச்சு."

"யாரு காது? இன்னாடா ஒளர்ற?" என்றார். "போன ஜனவரில டெஸ்ட் எடுத்தாங்க. நார்மல்னு சர்ட்டிபிகேட்டு கீது, எடுத்தாரட்டா?"

"தோளப் பாத்து அமுக்கினதுதான மாமா அது? நீதான சொல்லிக்குடுத்த?"

சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். எழுந்துகூட விட்டார். ஆனால் அவர் கண் மகள் பக்கம் போனது.

"உனக்கு எப்டிமா கேக்குது?"

"கத்துதுப்பா."

"எவ்ளோ நாளா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா நீ சொல்லவே இல்லியே."

"நீ சந்தோசமா இருந்தப்பா" என்றாள். மனுஷன் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு கல்யாணத்தில் வாசித்தவர். மூன்று வருஷமாக எத்தனை வீட்டுக் கல்யாணத்தைக் கெடுத்தோம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து எண்ணுவதை நிறுத்தினாள். என் ஆயுசில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அந்த வாரமே இரண்டு பேரும் ஒரு காது டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு டெஸ்ட் கொடுத்தோம். போனது போனதுதான், திரும்பாது என்றார் டாக்டர். காது மெஷின் வைக்கலாம், ஆனால் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்றார். கல்யாணத்துக்கு இருந்தது பதினெட்டு நாள்.

"அப்போ டிஜே வெச்சிக்கட்டும்" என்றார் மாமா. வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

கவிப்பிரியா ஒத்துக்கொள்ளவில்லை. பூந்தமல்லியில் வாத்தியம் ரிப்பேர் பார்க்கும் அப்துல் ரசாக் பாயிடம் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சாக்ஸபோனோடு போனாள். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் பாய்" என்றார் மாமா.

"கை நல்ல கைதான். அறிவுதான் கொஞ்சம் ஓவரா போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்டீல் வட்டங்களைக் கழற்றிப் போட்டார். புது மெத்தை, புது கார்க், புதுக் கம்பளி வைத்தார், விறைப்பு ஸ்பிரிங்கை எல்லாம் மாற்றினார். நான்காம் நாள் கடைக்குப் போனோம், வாத்தியம் தயாராக இருந்தது. மாமா வாயில் வைத்து ஊதினார். இரண்டு வரி வாசித்துவிட்டு முகம் செத்துப்போய் நிறுத்திவிட்டார்.

"இது இன்னா பாய், ஒண்ணுமே வரல? துணி போட்டு அடச்ச மாதிரி கீது."

"இப்பத்தான் பாட்டு மாதிரி கீது" என்றார் பாய். கவிப்பிரியாவும் தலையாட்டினாள். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கவிப்பிரியா அப்பாவுக்கு எதிரில் உட்காருவாள். அவர் வாசிப்பார். சுருதி ஏறினால் அவள் உள்ளங்கையைக் கீழே இறக்குவாள், இறங்கினால் மேலே தூக்குவாள், சரியாக இருந்தால் கையை அப்படியே வைத்திருப்பாள். இருபத்தைந்து வருஷ வித்வான் ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து வாசித்தார். முதல் வாரம் தினமும் சண்டை. "எனக்கே கேக்காத பாட்ட நான் எதுக்கு வாசிக்கணும்?" என்று ஒருநாள் கத்தினார். "எனக்குக் கேக்குதில்ல?" என்று அவளும் கத்தினாள். இரண்டு நாள் அவர் வாத்தியத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவரே எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அரம், பிளேடு, வெர்னியர் மூன்றையும் அக்கா முன்னெச்சரிக்கையாக என் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

குமணன்சாவடி மண்டபத்தில் கூட்டம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்ததும் மாமா பட்டு வேட்டியோடு சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார். நான் சைடு டிரம்மோடு பின்னால் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

வாசித்தார். ஒரு பழைய தாலாட்டு மாதிரியான மெட்டு, கவிப்பிரியா குழந்தையாக இருந்தபோது அவளுக்காக அவரே கட்டியது. எனக்கு அடி ஸ்வரங்கள் மட்டும் கேட்டன, மேலே போனவையெல்லாம் காணாமல் போயின. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். விரல்கள் போய்க்கொண்டிருந்தன, கண் மகளின் கையை விட்டு நகரவில்லை. மாலைக்கு நடுவில் அவள் கை ஒரு தடவை இறங்கியது, அவர் உடனே சரி செய்தார். அதற்குப் பிறகு அந்தக் கை அசையவே இல்லை. மண்டபத்தில் பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள்.

முடிந்ததும் கைதட்டினார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது. மாமா வாத்தியத்தோடு மேடை ஏறி மகளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நல்லா இருந்துச்சாமா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். மேக்கப் எல்லாம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

மாமா குனிந்து அவள் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"எப்டி இருந்துச்சுனு கொஞ்சம் பாடிக் காட்டேன்."

வீடியோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கள் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், பரிசு கொடுக்க வரிசை கீழே படிவரை நின்றது. கவிப்பிரியா அப்பாவின் கழுத்தில் கையைப் போட்டு, அவர் காதோடு வாயை வைத்து, அவர் வாசித்ததை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.